16 பக்கத்தில் ஓர் இசை இதழ்: மாணவர்களே செய்து பார்க்கும் முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் திருவிழா வந்தால், இந்த வருஷம் எந்த உறுமி மேளக் குழு என்ற பேச்சு கொடியேற்றத்துக்கு முன்பே கிளம்பிவிடும். அந்தக் குழுவில் வாசிப்பவர் பகலில் ஈப்போவில் லோரி ஓட்டுபவராக இருப்பார், இல்லை பட்டணத்துப் பட்டறையில் வேலை செய்பவராக இருப்பார். அவரைப் பற்றி அச்சில் ஒரு வரி தேடிப் பாருங்கள், கிடைக்காது. சினிமாப் பாடகரைப் பற்றியோ நூறு கட்டுரை கிடைக்கும். அதனால் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் ஓர் இசை இதழ் செய்ய நினைத்தால் நான் வைக்கும் நிபந்தனை ஒன்றுதான்: நூற்றியோராவது சினிமாக் கட்டுரை வேண்டாம். நடந்தோ மோட்டார் சைக்கிளிலோ போய்க் கேட்கக்கூடிய இசையை எழுதுங்கள்.

இங்கிலாந்தில் ஊடகவியல் படிக்கும் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் இது ஒரு பாடப்பணியாகவே இருந்தது. அட்டை, உள்ளடக்கப் பக்கம், ஓர் இரட்டைப் பக்கக் கட்டுரை, கடைசியில் தாங்கள் செய்ததைப் பற்றித் தாங்களே எழுதும் மதிப்பீடு. படங்களையும் மாணவர்களே எடுக்க வேண்டும். அந்த அமைப்பு நல்ல அமைப்பு, அதையே எடுத்துக்கொள்வோம். தமிழ்மொழிக் கழகத்தில் ஐந்தாறு பேரும், துணைக்கு ஓர் ஆசிரியரும் இருந்தால் ஆரம்பிக்கலாம்.

முதல் படி: யாருக்கு?

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். உதாரணமாக: "படிவம் 3 முதல் 5 வரை படிக்கிற, ராகா, மின்னல் வானொலிகளைக் கேட்கிற, ஆனால் தன் தோட்டத்து உறுமிக் குழுவின் பெயர் தெரியாத மாணவருக்கு இந்த இதழ்." இதைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எழுத்தின் அளவு, நிறம், கட்டுரை நீளம் எல்லாவற்றையும் இந்த வாக்கியமே முடிவு செய்யும். கடைசியில் மதிப்பிடும்போதும் இதை வைத்துத்தான் அளக்கப் போகிறோம்.

"எல்லாருக்கும்" என்று எழுதினால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் வாசகர் எல்லாரும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களாக இருக்க மாட்டார்கள். தமிழை மெதுவாக எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் இருப்பார். அவரையும் மனத்தில் வைத்தால் வாக்கியம் தானாகச் சுருங்கும், பத்தியும் சுருங்கும்.

இரண்டாம் படி: மற்றவர்கள் செய்ததைப் பாருங்கள்

பிரிட்டனின் என்எம்இ 1952இல் தொடங்கி 2018 வரை வார இதழாக அச்சில் வந்தது. அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் 1967இல் வந்தது. ராக், மெட்டல் இசைக்கான கெராங் 1981இல் வந்தது. இவற்றின் பழைய அட்டைகளைத் தேடி, நாலைந்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் எங்கே நிற்கிறது? அட்டையில் இருப்பவர் உங்களை நேராகப் பார்க்கிறாரா? எத்தனை நிறம், எத்தனை வகை எழுத்து? கெராங்கின் பெயர் உடைந்த கண்ணாடி மாதிரி விரிசல் விட்ட எழுத்தில் இருக்கும். உள்ளே எந்த இசை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ரோலிங் ஸ்டோன் அட்டையில் பாடகரின் தலை பெரும்பாலும் இதழின் பெயரைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துவிட்டு நீங்களும் மறைக்காதீர்கள். அவர்கள் பெயர் பாதி தெரிந்தாலே போதும், உலகத்துக்கே அடையாளம் தெரியும். உங்கள் இதழின் பெயரை வாசகர் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்க்கப் போகிறார்.

மூன்றாம் படி: பக்கத் திட்டம்

நான்கு ஏ4 தாள்களை அடுக்கிக் குறுக்கே மடியுங்கள். ஏ5 அளவில் 16 பக்கம் கிடைத்துவிட்டது. மடித்துச் செய்யும் இதழில் பக்க எண்ணிக்கை எப்போதும் நான்கின் மடங்காகத்தான் வரும், அதனால் 14, 18 என்று திட்டமிட வேண்டாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் பென்சிலில் எண் போட்டுவிட்டுப் பிரித்துப் பாருங்கள். முதல் தாளின் ஒரு புறத்தில் 16, 1. மறுபுறத்தில் 2, 15. எந்தத் தாளை எடுத்தாலும் ஒரே புறத்தில் இருக்கும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 17. அச்சில் பக்கம் மாறிப் போகாமல் இருக்க இந்தக் கணக்கு போதும்.

வெளித்தாளில் 1, 2, 15, 16 வருகின்றன. நடுத்தாளில் 7, 8, 9, 10. எல்லாப் பக்கத்தையும் கலரில் அச்சிடப் பணம் இருக்காது. இந்த இரண்டு தாளை மட்டும் கலரில் எடுத்தால் அட்டையும் நடுப்பக்கமும் கலராகிவிடும், மற்ற இரண்டும் கறுப்பு வெள்ளை. 8, 9 இரண்டும் ஒரே தாளில் அடுத்தடுத்து இருப்பதால், பெரிய படம் ஒன்றைக் குறுக்கே ஓடவிடவும் அதுவே சரியான இடம். முக்கியக் கட்டுரை அங்கே போகட்டும்.

நான்காம் படி: விஷயம் சேர்ப்பது

இதழின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. வடிவமைப்புக்கு ஒரு வாரம் ஒதுக்கினால் இதற்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

நடுப்பக்கத்துக்கு ஓர் உறுமிக் குழு என்று வைத்துக்கொள்வோம். திருவிழா அன்று போகாதீர்கள், அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது. பயிற்சி நடக்கும் மாலையில் போங்கள். "உங்களுக்கு இசை பிடிக்குமா?", "இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" போன்ற கேள்விகளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள், பதிலும் அதே மாதிரிதான் வரும். கையில் இருக்கும் பொருளைப் பற்றிக் கேளுங்கள். அண்ணே, இந்த மேளம் யார் கட்டியது? மழை பெய்தால் தோல் என்ன ஆகும்? ஊர்வலம் நடக்கும்போது ஒரு அடி, சாமி வந்து ஆடும்போது வேறு அடியா? கொஞ்சம் வாசித்துக் காட்டுவீர்களா? யாரைப் பார்த்துக் கற்றீர்கள், அவர் எந்தத் தோட்டம்? பேசுவதைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். அனுமதி கேட்டுவிட்டுத்தான்.

அடுத்தது, அச்சில் சத்தம் கேட்காது. இசை இதழுக்கு இருக்கும் பெரிய சவால் அதுதான். "அருமையான இசை" என்று எழுதினால் வாசகர் காதில் ஒன்றும் விழாது. உறுமியின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிக்கிறார்கள், மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள். அந்தத் தேய்ப்பில்தான் உறுமல் பிறக்கிறது. இதைப் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள். கை எப்படிப் போகிறது, சத்தம் எங்கே எழும்பி எங்கே அடங்குகிறது, பக்கத்து வீட்டு நாய் என்ன செய்தது, எல்லாம் வரட்டும். படம் எடுப்பவரும் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி எடுப்பதோடு முடிக்கக் கூடாது. தேய்க்கும் கையை மட்டும் கிட்டப் போய் எடுங்கள். நடுப்பக்கத்துக்கு அந்தப் படம் போதும்.

மற்றப் பக்கங்களுக்குக் கோயிலில் தேவாரம் பாடும் மாணவி, கல்யாண மண்டபத்தில் கீபோர்டு வாசிப்பவர், பழைய கேசட்டுகளை இன்னும் வைத்திருக்கும் பாட்டி என்று தேடலாம். நாட்டு அளவில் ஒரு பக்கமும் நல்லது: பினாங்கைச் சேர்ந்த லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் அலிகேட்ஸ் குழு மலாய்ப் பாடல்களால் நாடு முழுக்கப் புகழ் பெற்றது. 2006இல் யோகி பி, நட்சத்திரா குழுவின் வல்லவன் ஆல்பம் மலேசியத் தமிழ் ராப்பைத் தமிழ்நாடு வரை கொண்டு போனது. உங்கள் ஊர்ப் பையன் இன்று எழுதும் ராப்புக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று வாசகருக்குத் தெரியட்டும்.

பாடல் வரிகளை முழுதாக அச்சிடாதீர்கள், நட்சத்திரங்களின் படத்தை இணையத்திலிருந்து எடுத்துப் போடாதீர்கள். இரண்டுக்கும் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவரின் படம் என்றால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

ஐந்தாம் படி: பக்கம் அமைப்பது

பக்கம் அமைக்கும் மென்பொருள்களில் கேன்வா எளிது. ஸ்கிரைபஸ் இலவசம், கற்றுக்கொள்ளக் கொஞ்சம் நாள் பிடிக்கும். எதுவானாலும் யூனிகோட் எழுத்துருதான். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், தலைப்புக்குப் பாலூ தம்பி, மூன்றும் இலவசம். மேக் கணினி இருந்தால் நம் நாட்டு முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி அதிலேயே இருக்கும். கட்டுரைக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று. மூன்றாவது எழுத்துரு வேண்டவே வேண்டாம்.

ஆங்கில இதழ்களைப் பார்த்து அப்படியே செய்தால் தமிழில் இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று, தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஏ5 பக்கத்தை நெட்டாக இரண்டாகப் பிரித்து, வரிகளை இருபுறமும் சமமாக இழுத்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழும். பக்கத்தைப் பிரிக்காமல் முழு அகலத்துக்கும் வரிகளை ஓடவிட்டு, இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு செய்யுங்கள். இன்னொன்று, நம் எழுத்தில் மேலே புள்ளியும் கி, கீ மாதிரி வளைவுகளும், கீழே கூ, மூ மாதிரி சுழிகளும் உண்டு. வரிக்கு வரி இடைவெளியை எழுத்தின் அளவைப் போல 1.4 மடங்காவது வையுங்கள். கட்டுரை எழுத்து 10 அல்லது 11 பாயிண்ட் அளவு.

பிடிஎஃப் எடுத்த பிறகு கொ, கௌ, ஸ்ரீ வரும் இடங்களைத் தேடிப் பாருங்கள். கொம்பு தனியாகப் பிரிந்து நின்றால் எழுத்துருவையோ மென்பொருளையோ மாற்ற வேண்டியதுதான்.

படங்களைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், திரையில் தெளிவாகத் தெரிந்தாலும் அச்சில் மங்கும். கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். ஏ5 முழுப் பக்கத்துக்கு அச்சுத் தரத்தில் சுமார் 1748க்கு 2480 பிக்சல் தேவை.

அட்டையைக் கடைசியில் செய்யுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரிந்த பிறகுதான் எதை வெளியே சொல்வது என்று தெரியும். ஒரு படம், இதழின் பெயர், பெரிதாக ஒரு தலைப்பு, சின்னதாக இரண்டு மூன்று, மாதம், விலை. அவ்வளவுதான்.

ஆறாம் படி: அச்சு

பட்டணத்துப் போட்டோஸ்டேட் கடை இயந்திரம் தாளின் விளிம்பு வரை அச்சிடாது. அதனால் விளிம்பில் முடியும் நிறத்தையும் படத்தையும் தவிர்த்து, சுற்றிலும் ஒரு சென்டிமீட்டராவது வெள்ளை விடுங்கள். முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து, மடித்து, பக்க வரிசை பார்த்து, அப்புறம் மற்றதை எடுங்கள். நடு மடிப்பில் பின் அடிக்கக் கை நீண்ட ஸ்டேப்ளர் வேண்டும், கடையில் கேளுங்கள்.

1984ஆம் ஆண்டு அச்சக, பதிப்புச் சட்டம் வெளியீட்டில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் முகவரி கேட்கிறது. பருவ இதழுக்கு உரிமமும் கேட்கிறது. ஆகவே முதல்வரிடம் அனுமதி வாங்கிப் பள்ளிக்குள் வெளியிடுங்கள், தனியாக வெளியே விற்க இறங்க வேண்டாம்.

ஏழாம் படி: மதிப்பீடு

பலர் இதைக் கடைசி நாளில் அரை மணி நேரத்தில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கும், ஏனென்றால் கற்றுக்கொள்வது இங்கேதான் நடக்கிறது. முதல் படியில் எழுதிய வாக்கியத்தைச் சுவரிலிருந்து எடுத்து மேசையில் வையுங்கள்.

அந்த வாக்கியத்துக்குப் பொருந்தும் ஐந்தாறு பேரைப் பிடியுங்கள். இதழ் செய்தவர்களின் நெருங்கிய நண்பர்கள் வேண்டாம், அவர்கள் பாராட்டத்தான் செய்வார்கள். அட்டையை ஐந்து நொடி காட்டிவிட்டு மூடுங்கள். இது என்ன இதழ், யாருக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இதழைக் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்தில் நிற்கிறார், எதைத் தாண்டுகிறார், எங்கே உதடு அசைத்து இரண்டாம் முறை படிக்கிறார் என்று பாருங்கள். "பிடித்ததா?" என்று கேட்டால் பிடித்தது என்றுதான் சொல்வார்கள். "இதில் எந்தப் பக்கத்தை வீட்டில் யாரிடம் காட்டுவாய்?" என்று கேளுங்கள்.

கட்டுரையில் வந்தவர்களிடமும் கொடுத்துக் கேளுங்கள். உறுமி வாசிக்கும் அண்ணன் தன்னை அதில் அடையாளம் காண்கிறாரா?

அப்புறம் எழுத உட்காருங்கள். உண்மையான இசை இதழ்களின் வழக்கத்தில் எதைப் பின்பற்றினோம், எதை மாற்றினோம், ஏன்? எந்தத் தொழில்நுட்பத்தைப் புதிதாகக் கற்றோம்? இவை எளிது. கடினமானது ஒன்று உண்டு: இதழில் நம் மக்கள் எப்படித் தெரிகிறார்கள்? 16 பக்கத்தையும் புரட்டி, எத்தனை பையன், எத்தனை பெண் என்று எண்ணுங்கள். உறுமிக் குழுவில் பெரும்பாலும் இளைஞர்கள்தான் என்பதால் பெண்களே இல்லாத இதழாக முடிந்துவிடும். தோட்டத்து மனிதர் என்றாலே இடிந்த லயத்து வீட்டின் முன் நிற்கும் படம்தான் போட்டிருக்கிறோமா? அவர் தன் கலையில் தேர்ந்தவர் என்பது எந்தப் படத்தில் தெரிகிறது?

"எங்கள் அட்டை மிகவும் அழகாக அமைந்துள்ளது, வாசகர்கள் விரும்பினர்" என்பது மதிப்பீடு ஆகாது. இப்படி எழுதிப் பழகுங்கள்: "அட்டையைப் பார்த்த ஆறு பேரில் நான்கு பேர் இதைக் கோயில் திருவிழா மலர் என்று நினைத்தார்கள். மஞ்சளும் சிவப்பும், பின்னால் தெரிந்த கோபுரமும் காரணம். அடுத்த இதழில் கோபுரத்தை எடுத்துவிட்டு வாசிப்பவரின் முகத்தை வைப்போம்." என்ன நடந்தது, ஏன், அடுத்து என்ன செய்வோம் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன.

மதிப்பீட்டை எழுதியதும் அதையும், பக்கக் கோப்புகள், எழுத்துருக்கள், பெரிய அளவுப் படங்கள், ஒலிப்பதிவுகள் எல்லாவற்றையும் கணினியில் ஒரே கோப்புறையில் போட்டு, வருஷத்தைப் பெயராக வைத்து, கழகப் பொறுப்பாசிரியரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு படிவம் நான்குக்கு வருபவர்கள் முதலில் திறக்க வேண்டியது உங்கள் மதிப்பீட்டைத்தான்.