காரில் கிறிஸ்மஸ் விளக்கு பார்க்கப் போவது எப்படி? (கலிபோர்னியாவின் ஃபிரிமான்டிலிருந்து ஒரு மாலை வழித்தடம்)

முதல் வருடம் ஏழு தெருக்களைப் பட்டியலிட்டுக் கிளம்பினேன். மூன்றுதான் பார்க்க முடிந்தது. மூன்றாவது தெருவுக்குள் சின்னவன் தூங்கிவிட்டான், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்குக் கால் மரத்துப்போனது, நானோ கார்கள் வெளியே வரும் முனையில் உள்ளே நுழைந்து, எதிரே இருந்த எல்லோரிடமும் ஹாரன் வாங்கினேன். போன டிசம்பரில் திட்டம் போட்டு மூன்றே மூன்று வைத்துக்கொண்டோம். ஒன்பது மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தோம். அந்தக் கணக்கு இது.

1. தெருவைத் தேர்ந்தெடுங்கள், வீட்டை அல்ல

ஒரு வீடு பிரமாதமாக இருக்கிறது என்று யாரோ சொன்னதற்காக இருபது நிமிடம் ஓட்டாதீர்கள். இரண்டு நிமிடத்தில் பார்த்து முடித்துவிடுவீர்கள். தெருவே சேர்ந்து விளக்கு போடும் இடங்கள்தான் பெட்ரோலுக்குத் தகும். எங்கள் பக்கத்தில் மூத்தது பாலோ ஆல்ட்டோவின் ஃபுல்டன் தெரு, 1940-லிருந்து நடக்கிறது. சான் கார்லோஸில் யூகலிப்டஸ் அவென்யூ. சான் ஹோசேயில் வில்லோ கிளென் பகுதி. அங்கே வீட்டுக்கு வீடு முன்புல்வெளியில் ஒரு சின்ன மரம் நட்டு விளக்கு சுற்றியிருப்பார்கள். ஆடம்பரமில்லை, ஆனால் தெரு முழுக்க வரிசையாக நிற்பதைப் பார்க்க அதுதான் எனக்குப் பிடித்தது. ஃபிரிமான்டிலேயே கிரிப்ஸ் பிளேஸ் இருக்கிறது, ‘கிரிப்ஸ்மஸ் பிளேஸ்’ என்றே பெயராகிவிட்டது. அதைக் காருக்குள்ளிருந்து பார்க்க முயலாதீர்கள். தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போங்கள், தொண்டுக்கு உண்டியல் வைத்திருப்பார்கள், கொஞ்சம் சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்கம்பக்கத்துப் புது வீடுகளைக் கண்டுபிடிக்க, அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்ளும் நெக்ஸ்ட்டோர் செயலியைத்தான் நம்புகிறேன். பத்திரிகைகள் போடும் ‘சிறந்த இருபது’ பட்டியல்களில் சென்ற ஆண்டோடு நிறுத்திவிட்டவர்களின் முகவரியும் வந்துவிடுகிறது.

2. நாள்

திங்கள் முதல் புதன் வரை. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஆறு மணிக்கு முதல் தெருவில் இருந்தால் சரி. 23, 24 வேண்டவே வேண்டாம். பல வீடுகளில் வருடம் முடியும்வரை விளக்கை இறக்குவதில்லை, அதனால் என் ஓட்டு 26-ஆம் தேதிக்கு. மழை நாளில் போகாதீர்கள். ஈரம் பட்டதும் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்து பாதி வீடு இருட்டாகிவிடும், காற்றடைத்த பொம்மைகள் புல்லில் துணிமூட்டையாகக் கிடக்கும்.

3. வழி

விரிகுடாவைக் கடக்கும் டம்பார்ட்டன் பாலத்தில் மேற்கே போனால் சுங்கம் உண்டு, கிழக்கே வந்தால் இல்லை. சான் மட்டேயோ பாலமும் அப்படியே. ஆகவே டம்பார்ட்டன் வழியாகப் போய் ஃபுல்டன், அங்கிருந்து 101 நெடுஞ்சாலையில் வடக்கே சான் கார்லோஸ், திரும்புவது சான் மட்டேயோ பாலம். ஒரு சுங்கத்தில் வட்டம் முடிந்தது. மூன்றாவது தெரு, வீட்டுக்குப் பக்கத்திலேயே ஏதாவது ஒன்று. பிள்ளைகள் தூங்கிவிட்டால் நேராக வீட்டுக்குப் போகலாம்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். வரைபடத்தில் ஒரு வீட்டு எண்ணைக் குறித்திருந்தேன். அந்த எண் தெருவின் கடைசியில் இருந்தது. செயலி தன் வேலையைச் சரியாகச் செய்து, குறுக்கு வழியில் அந்தக் கடைசிக்கே கொண்டுபோய் விட்டது. ஆனால் இப்படிப்பட்ட தெருக்களில் அந்த இரண்டு வாரமும் எழுதாத ஒருவழிப்பாதை. எல்லோரும் ஒரே முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறுவார்கள். எனவே முகவரியைப் போடாதீர்கள். நுழையும் சந்திப்பில் விரலை அழுத்திப் பிடித்துக் குறியை வையுங்கள். எது நுழையும் முனை என்று தெரியாவிட்டால், போய்ச் சேர்ந்ததும் கார்களின் சிவப்புப் பின்விளக்குகள் வரிசையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அதுதான் வால், போய் நில்லுங்கள். வெள்ளை முன்விளக்குகள் உங்களை நோக்கி வந்தால் தவறான முனை, சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு வாருங்கள்.

4. முன்விளக்கு

சில தெருக்களில் முன்விளக்கைக் குறைக்கச் சொல்லி அட்டை வைத்திருப்பார்கள். எளிது என்று நினைத்தேன். இன்றைய கார்களில் எல்லாம் ‘ஆட்டோ’, கூடவே பகலில் எரியும் விளக்கு வேறு. இருட்டில் குமிழைத் திருகித் திருகி, கடைசியில் கண்ணாடித் துடைப்பானை ஓடவிட்டேன். முந்தின நாளே கராஜ் கதவுக்கு எதிரே காரை நிறுத்தி, குமிழின் ஒவ்வொரு நிலையிலும் கதவில் என்ன வெளிச்சம் விழுகிறது என்று பார்த்து வையுங்கள். இரண்டு நிமிட வேலை.

முழுதாக அணைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சாலை நடுவில் பிள்ளைகள் ஓடுவார்கள். அட்டை கேட்கும் இடத்தில், தேர் நகரும் வேகத்தில், பார்க்கிங் விளக்கு. வரிசை முடிந்ததும் முன்விளக்கு. கலிபோர்னியாவில் சூரியன் மறைந்து அரை மணிக்குப் பிறகு முன்விளக்கு கட்டாயம். நான் அதை மறந்து பெரிய சாலை வரை வந்துவிட்டேன், எதிரே வந்தவர் விளக்கைச் சிமிட்டிக் காட்டினார். இப்போது அது பெரியவள் பொறுப்பு. தெரு முடிந்ததும் “அப்பா, லைட்டு!” என்பாள்.

5. பாட்டு

இசைக்கு ஆடும் விளக்கு வீட்டின் முன் ஒரு பலகையில் எஃப்எம் எண் இருக்கும், காரின் ரேடியோவில் அதை வையுங்கள். சக்தி குறைந்த ஒலிபரப்பு, 200 அடிக்கு மேல் பெரும்பாலும் எட்டாது. வீட்டெதிரே வந்த பிறகு தேடினால் போதும். எனக்கு இது தெரியாது, ப்ளூடூத்தில் இளையராஜா ஓடிக்கொண்டிருந்தார். “விளக்கு வேற தாளத்துல ஆடுதே” என்று அம்மாதான் கண்டுபிடித்தாள்.

உட்காருவது: அம்மாவை வலது பின்சீட்டில் வையுங்கள், வீடுகள் அந்தப் பக்கம்தான் நெருக்கம். பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் சன்ரூஃபில் தலை நீட்ட விடாதீர்கள், பெல்ட்டோடு இருக்கட்டும். வழியில் கழிப்பறை கிடையாது, பாலத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: “கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றுமே தெரியவில்லை” என்று இருவர் கேட்டிருந்தார்கள். ஐந்து பேரின் மூச்சு, பிளாஸ்க் காபி, சூடான இட்லி டப்பா, எல்லாம் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். துணியால் துடைத்தால் கோடு கோடாகி விளக்கெல்லாம் சிதறித் தெரியும். உள்காற்றைச் சுற்றவிடும் பொத்தானை அணைத்து, ஹீட்டரோடு ஏசியையும் சேர்த்துப் போடுங்கள். குளிரில் ஏசியா என்று கேட்காதீர்கள், ஈரத்தை இழுப்பது அதுதான். விளக்கெல்லாம் பார்த்து முடித்த பிறகு இட்லி டப்பாவைத் திறங்கள்.