அடிக்கடி புளூ ஸ்கிரீன் வருகிறதா? ஃபார்மட் போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாரத்துக்கு நாலு முறை புளூ ஸ்கிரீன் (விண்டோஸ் நின்றுபோய்க் காட்டும் நீலப் பிழைத் திரை) வருகிறது என்று லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோனால், "விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கு, ஃபார்மட் போட்டுடலாம்" என்பார்கள். முதல் தவறு அதுதான். கோளாறு டிரைவரில் (வைஃபை போன்ற பாகங்களை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) என்றால் ஃபார்மட் போட்டபின் கொஞ்ச நாள் ஓயும். அப்டேட்டில் அதே டிரைவர் வந்து உட்கார்ந்ததும் ஸ்கிரீனும் திரும்ப வரும். ரேமிலோ எஸ்எஸ்டியிலோ என்றால் அந்தக் கொஞ்ச நாள்கூடக் கிடைக்காது. இரண்டிலும், காரணத்தைக் காட்டியிருக்கக்கூடிய டம்ப் ஃபைல்கள் (விழும் நேரத்தில் விண்டோஸ் எழுதிவைக்கும் பதிவுகள்) அழிந்துபோயிருக்கும்.

எழுத்தைப் படிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறதா? ஸ்டார்ட் மெனுவில் 'வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறந்து, 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' பகுதியில் 'ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். அங்கேயே 'ஸ்மால் மெமரி டம்ப்' என்பதையும் தேர்ந்தெடுங்கள். அடுத்த முறை ஸ்கிரீன் அப்படியே நிற்கும், போட்டோ எடுக்கலாம். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பயனில்லை, அது பொதுவான உதவிப் பக்கத்துக்குத்தான் போகும். வேண்டியது ஸ்டாப் கோடும் (ஸ்கிரீனில் வரும் பிழையின் பெயர்), கீழே ஃபைல் பெயர் இருந்தால் அதுவும். (2025-இல் விண்டோஸ் 11-இல் இந்த ஸ்கிரீன் கறுப்பாக மாறியது. நிறம்தான் வேறு.)

டம்ப் ஃபைல்கள் சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'மினிடம்ப்' என்ற ஃபோல்டரில் சேரும். அது காலியாக இருந்தால் இரண்டு சந்தேகம். ஒன்று, ஏதோ கிளீனர் மென்பொருள் குப்பை என்று துடைத்திருக்கும். இல்லையென்றால், எஸ்எஸ்டி நீடித்து உழைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு பேஜிங் ஃபைலை (ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் பயன்படுத்தும் ஃபைல்) நிறுத்தியிருப்பீர்கள். பேஜிங் ஃபைல் இல்லாவிட்டால் டம்ப் எழுதப்படாது. அதை 'சிஸ்டம் மேனேஜ்டு' நிலைக்கே திருப்புங்கள்.

டம்ப்பை 'புளூஸ்கிரீன்வியூ' என்ற டம்ப் படிக்கும் மென்பொருளில் திறந்ததும் பலர் சறுக்கும் இடம், 'என்டிஓஎஸ்கேஆர்என்எல்' என்ற பெயர். அது விண்டோஸின் கெர்னல், அதாவது மையப் பகுதி. விபத்து நடந்தபோது அங்கே இருந்ததால் பெயர் அடிபடுகிறது, அவ்வளவுதான். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் வரும் 'கெர்னல் பவர் 41'-ம் அப்படித்தான்: மெஷின் ஒழுங்காக அணையவில்லை என்ற பதிவு அது, காரணம் அல்ல. ஒரே டம்ப்பை வைத்து முடிவெடுக்காமல் நாலைந்தை அருகருகே வையுங்கள். நான்கில் 'டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்' என்றும், நான்குமே மூடியைத் திறந்து ஸ்லீப்பிலிருந்து எழுப்பிய நேரம் என்றும் இருந்தால், முதலில் வைஃபை டிரைவரைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோடு, வேறு வேறு ஃபைல் என்றால் ரேமைச் சந்தேகியுங்கள். 'வியா அன்கரெக்டபிள் எரர்' என்றால் பெரும்பாலும் ஹார்டுவேர்தான்.

ரேமைச் சோதிப்பதில் அவசரம் ஆகாது. விண்டோஸின் மெமரி டயக்னாஸ்டிக் "பிழை இல்லை" என்றால் ரேம் நல்லது என்று அர்த்தமில்லை. பென்டிரைவிலிருந்து 'மெம்டெஸ்ட்86'-ஐ இரவு முழுக்க ஓட விடுங்கள். இலவசப் பதிப்பில் நான்கு சுற்று ஓடும். ஒரே ஒரு பிழை வந்தாலும் தேறவில்லை என்றுதான் கணக்கு. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துச் சோதியுங்கள், பிறகு மற்றதை அதே ஸ்லாட்டில். இரண்டுமே அதே ஸ்லாட்டில்தான் தோற்கின்றன என்றால் பழுது ஸ்லாட்டில். கழற்றும் முன் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கனெக்டரையும் எடுத்துவிட வேண்டும். ரேமின் தங்க நிறப் பல்லை அழிரப்பரால் தேய்ப்பது நம்மூரில் பழகிப்போன வைத்தியம். துகள் ஸ்லாட்டுக்குள் விழும், பூச்சும் தேயும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணி போதும்.

புளூ ஸ்கிரீன் என்றாலே வைரஸ் என்று இரண்டாவது ஆன்டிவைரஸை ஏற்றுவது வினையை விலைக்கு வாங்குவது. 2024 ஜூலை 19-இல் சுமார் 85 லட்சம் கணினிகளைப் படுக்கவைத்தது வைரஸ் அல்ல, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட். எல்லா டிரைவரையும் தானே புதுப்பிப்பதாகச் சொல்லும் டிரைவர் அப்டேட்டர்களும் வேண்டாம். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். மாற்றியபின் ஷட்டவுன் கொடுத்து மறுபடி ஆன் செய்தால் கணக்கில் வராது: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் பழைய கெர்னல் நிலையே டிஸ்கிலிருந்து மீண்டும் ஏறும். ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும்.

'கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்' வந்தால் டிஸ்க் பழுதாக இருக்கலாம்; உடனே செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சோதனை) ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுக்கப் படிக்கவைத்தால் மிச்ச உயிரும் போய்விடும். முதலில் பேக்கப், அப்புறம் சோதனை. பயாஸ் (மதர்போர்டில் இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட்டுக்கும் முன்வேலை உண்டு: டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்து, 48 இலக்க ரெகவரி கீயை வேறிடத்தில் எழுதிவைத்து, சார்ஜரைச் செருகியபின்தான் தொடங்க வேண்டும்.

எதிலும் பிடிபடாவிட்டால் 'டிரைவர் வெரிஃபையர்' இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அல்லாத டிரைவர்களை மட்டும் டிக் செய்யுங்கள். ரீஸ்டோர் பாயின்ட் (பழைய நிலைக்குத் திரும்ப உதவும் பதிவு) போடாமல் தொடாதீர்கள். வேண்டுமென்றே டிரைவர்களை நெருக்கி விழவைக்கும் கருவி இது, பூட் ஆகும்போதே திரும்பத் திரும்ப விழலாம். அப்படி மாட்டிக்கொண்டால் அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் ஏறும் சேஃப் மோடில் நுழைந்து, வெரிஃபையரைத் திறந்து, 'டெலீட் எக்ஸிஸ்டிங் செட்டிங்ஸ்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்குள் விழுந்த டம்ப்பில் பெரும்பாலும் அந்த டிரைவரின் பெயரே இருக்கும்.