தூக்கில் போட்ட பிறகு வழக்கைத் திறப்பது: கருணை மனு எழுதும் முன் படிக்க வேண்டியவை

இங்கிலாந்தில் அறுபது, நூறு வருடங்களுக்கு முன் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட ஒருவர் அந்தக் கொலையைச் செய்யவே இல்லை என்று நம்பும் குடும்பமோ, ஊர்க்காரர்களோ, ஆய்வாளர்களோ முதலில் நினைப்பது அரசர் பெயரில் மன்னிப்பு வாங்கிவிட வேண்டும் என்பதுதான். அமைச்சருக்குக் கடிதம், கையெழுத்து இயக்கம், உள்ளூர் எம்.பி.யோடு ஒரு புகைப்படம். எல்லாம் சரி, ஆனால் மன்னிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்டு, அது கிடைத்தும் விட்டால், அதுவே பெரிய கதவை மூடிவிடலாம்.

தீமத்தி எவன்ஸ் கதை இதற்கு நல்ல பாடம். லண்டன் நாட்டிங் ஹில்லில் ரில்லிங்டன் பிளேஸ் 10ஆம் எண் வீட்டில் குடியிருந்தவர். மனைவியும் கைக்குழந்தையும் கொல்லப்பட்டதில், குழந்தையின் கொலைக்காக விசாரிக்கப்பட்டு 1950 மார்ச் 9 அன்று பென்டன்வில் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி, அதே வீட்டின் தரைத்தளத்தில் இருந்த ஜான் கிறிஸ்டி. மூன்று வருடம் கழித்து அந்த வீட்டில் பெண்களின் உடல்கள் கிடைத்தபோதுதான் கிறிஸ்டி ஒரு தொடர் கொலைகாரர் என்று உலகத்துக்குத் தெரிந்தது. அப்போதும், 1953இல் நடந்த அவசர விசாரணை எவன்ஸ்தான் குற்றவாளி என்றது. 1966இல் நீதிபதி பிராபின் தலைமையிலான இரண்டாவது விசாரணை இன்னும் விநோதம்: மனைவியை அவரே கொன்றிருக்கலாம், குழந்தையைக் கொன்றிருக்க வாய்ப்பு குறைவு என்றது. தூக்கில் போட்டதோ குழந்தைக்காக. ஆகவே உள்துறை அமைச்சர் ராய் ஜென்கின்ஸ் அந்த அக்டோபரில் முழு மன்னிப்புக்குப் பரிந்துரைத்தார். சரி, முடிந்தது என்று நினைப்போம். ஆனால் மன்னிப்பு தண்டனையின் விளைவுகளை நீக்குமே தவிர, ஜூரி சொன்ன "குற்றவாளி" என்ற தீர்ப்பு ஏட்டில் அப்படியே கிடக்கும். அதை ரத்து செய்ய நீதிமன்றத்தால்தான் முடியும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எவன்ஸின் சகோதரி அதைத்தான் கேட்டுப் போனார். மன்னிப்பும் கிடைத்துவிட்டது, நஷ்டஈடும் கொடுத்தாயிற்று, இனி நீதிமன்றத்துக்கு அனுப்புவதால் என்ன பலன் என்று, சந்தேகத்துக்குரிய தீர்ப்புகளை ஆராய்ந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பும் குற்ற வழக்கு மறு ஆய்வு ஆணையம் மறுத்தது. 2004இல் உயர் நீதிமன்றம், எவன்ஸ் இருவரையும் கொல்லவில்லை என்பதை ஏற்றுக்கொண்டே, ஆணையத்தின் முடிவில் தலையிட மறுத்துவிட்டது.

சரி, எங்கே தொடங்குவது? காகிதத்தில். உணர்ச்சியோடு நிறையப் பேர் வருவார்கள், கோப்போடு வருபவர்கள் குறைவு.

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் இறந்தவரின் பெயரையும் தண்டனை பெற்ற வருடத்தையும் போட்டுத் தேடுங்கள். ஒரே வழக்கின் தாள்கள் பல துறைகளின் தொகுப்புகளில் சிதறிக் கிடக்கும்: ஓல்டு பெய்லி (லண்டனின் மத்திய குற்றவியல் நீதிமன்றம்) வழக்கு என்றால் சாட்சிகளின் ஆரம்ப வாக்குமூலங்கள் 'கிரிம் 1' தொகுப்பில், வெளியூர் வழக்கு என்றால் அஸைஸ் (அந்தக் காலத்தில் ஊர் ஊராகக் கூடிய) நீதிமன்றத் தொகுப்புகளில், லண்டன் போலீஸின் கொலைக் கோப்புகள் 'மெப்போ 3'இல், தூக்கை நிறுத்தலாமா வேண்டாமா என்று உள்துறை அதிகாரிகள் தமக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகள் 'ஹெச்.ஓ. 45', 'ஹெச்.ஓ. 144' ஆகியவற்றில், சிறை மருத்துவரின் அறிக்கை போன்றவை 'பிகாம் 9'இல், மேல்முறையீட்டுத் தாள்கள் 'ஜே 82'இல். இதில் பலரும் கண்டுகொள்ளாமல் விடுவது உள்துறைக் கோப்பு. ஜூரிக்குக் காட்டாத விஷயங்களை அதிகாரிகள் சர்வசாதாரணமாக அங்கே எழுதி வைத்திருப்பார்கள்.

கோப்பு மூடியிருக்கிறது என்று பட்டியல் சொன்னால் பயப்பட வேண்டாம், தகவல் அறியும் சட்டப்படி திறக்கச் சொல்லிக் கேட்கலாம். மறுக்க அவர்கள் சொல்லும் வழக்கமான காரணம், கோப்பில் பெயர் உள்ள யாராவது இன்னும் உயிரோடு இருக்கலாம் என்பது. இறந்த சாட்சிகளின் இறப்புச் சான்றிதழைத் தேடி இணைத்துவிட்டால் பாதி வேலை சுலபம்.

அப்புறம் சான்றுப்பொருள்கள். துணி, தோட்டா, முடி எதுவாக இருந்தாலும், "அதெல்லாம் எப்போதோ எரித்துவிட்டார்கள்" என்று யாராவது வாயால் சொன்னால் நம்பாதீர்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில் 1922 ஏப்ரலில் 12 வயதுச் சிறுமியின் கொலைக்காகத் தூக்கிலிடப்பட்ட காலின் ராஸ் வழக்கைப் பாருங்கள். அவர் போர்வையில் இருந்த முடி சிறுமியுடையது என்பது அரசுத் தரப்பின் முக்கிய ஆதாரம். எழுபது வருடத்துக்கு மேல் கழித்து, ஓர் ஆய்வாளர் அந்த முடி மாதிரிகளை அரசு வழக்குத்துறையின் பழைய கோப்புக்குள்ளேயே கண்டெடுத்தார், சோதித்தபோது இரண்டும் ஒருவருடையது அல்ல. 2008 மே 27 அன்று ராஸுக்கு மன்னிப்பு வந்தது. அந்த மனுவை ராஸ் குடும்பத்தோடு கொலையுண்ட சிறுமியின் குடும்பமும் ஆதரித்தது. கொலையுண்டவரின் உறவினர்களை எதிர்த்தரப்பாக நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள், பத்திரிகைக்குப் போகும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்வது மரியாதையும்கூட.

சோதனை எதிராகவும் வரலாம் என்பதை வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். 1962 ஏப்ரல் 4 அன்று பெட்ஃபோர்டில் தூக்கிலிடப்பட்ட ஜேம்ஸ் ஹான்ராட்டி நிரபராதி என்று ஒரு தலைமுறையே நம்பியது. அவருடைய உடலைத் தோண்டியெடுத்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தார்கள், கொலைத் துப்பாக்கியைச் சுற்றியிருந்த கைக்குட்டையில் இருந்ததோடு பொருந்திவிட்டது. பழைய பொருள்கள் ஒன்றோடொன்று கலந்து கெட்டுப்போயிருக்கும் என்று குடும்பத் தரப்பு வாதிட்டும், 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. இந்தத் துணிச்சல் இல்லையென்றால் டி.என்.ஏ. பக்கமே போகாமல், விசாரணை நடந்த முறையை மட்டும் தாக்குங்கள், அதுவும் நியாயமான வழிதான்.

இப்போது விண்ணப்பம். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து வழக்குகளுக்கு குற்ற வழக்கு மறு ஆய்வு ஆணையம் இருக்கிறது, 1997இலிருந்து இயங்குகிறது. ஸ்காட்லாந்துக்குத் தனி ஆணையம். அதற்கு முன் இந்தக் கதவின் காவல்காரர் உள்துறை அமைச்சரே, அதாவது தூக்கை நிறுத்த மறுத்த அதே அலுவலகத்திடமே போய் "நீங்கள் செய்தது தப்பு" என்று சொல்ல வேண்டியிருந்தது. பழைய போராட்டங்கள் பல ஏன் தோற்றன என்பதற்கு இதுவே பாதி விளக்கம், ஆகவே 1960களில் மறுத்துவிட்டார்கள் என்பதால் மனம் தளர வேண்டாம். ஆணையத்துக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. இருந்தால் நல்லது, காசு இல்லையென்றால் சட்டக் கல்லூரிகளில் மாணவர்களை வைத்து நடக்கும் நிரபராதிகள் திட்டங்களைக் கேட்டுப் பாருங்கள்.

சட்டத்தில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒருவர் இறந்த பிறகு அவருக்காக மேல்முறையீடு செய்ய, 1968ஆம் வருடக் குற்றவியல் மேல்முறையீட்டுச் சட்டத்தின் 44ஏ பிரிவுப்படி நீதிமன்றம் ஒருவரை அங்கீகரிக்க வேண்டும்: விதவை, சொத்தை நிர்வகிப்பவர், அல்லது உறவுமுறையில் வழக்கில் உண்மையான அக்கறை உள்ளவர். நேரடியாகப் போனால் இறந்த ஒரு வருடத்துக்குள் கேட்டிருக்க வேண்டும், ஆணையம் அனுப்பிய வழக்கு என்றால் அந்தக் காலக்கெடு கிடையாது. பழைய வழக்குகள் எல்லாம் ஆணையம் வழியாகப் போக வேண்டியிருப்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே பேரனோ பேத்தியோ மருமகனோ ஒருவரை முன்னால் நிறுத்துங்கள். இரண்டாவது, தீர்ப்பு ரத்தாக "உண்மையான வாய்ப்பு" இருந்தால்தான் ஆணையம் அனுப்பும், அதற்கு அந்தக் காலத்து நீதிமன்றத்தில் சொல்லப்படாத ஆதாரமோ வாதமோ வேண்டும். பழைய வாதத்தையே அழுத்திச் சொல்வது உதவாது. மூன்றாவது, அந்த நாளிலேயே மேல்முறையீடு செய்து தோற்றிருக்க வேண்டும், இல்லையென்றால் விசேஷக் காரணம் காட்ட வேண்டும்.

எந்த வாதம் நிற்கும்? என் கணிப்பில், உண்மைக் கொலைகாரன் யார் என்று நிரூபிக்கப் புறப்படுவதைவிட, போலீஸ் எதை மறைத்தது என்று காட்டுவது பலமானது. கார்டிஃபில் 1952 மார்ச்சில் லில்லி வோல்பர்ட் என்ற கடைக்காரப் பெண் கொல்லப்பட்டார். சோமாலிய மாலுமி மஹ்மூத் மத்தான் கைதானார், செப்டம்பர் 3இல் தூக்கு. ஆறே மாதம். அவருக்காக வாதாடிய வக்கீலே ஜூரியின் முன்னால் அவரைப் பாதி இயற்கையின் குழந்தை, பாதி அரைகுறை நாகரிகமடைந்த காட்டுமிராண்டி என்று வர்ணித்தார். நம் பக்கத்து ஆள் பேசிய பேச்சு இது! சாட்சிகள் சிலர் அடையாளம் காட்டத் தவறியது ஜூரிக்குச் சொல்லப்படவில்லை, முக்கிய சாட்சி முதலில் சொன்ன அடையாளம் வேறொரு சோமாலியருக்குப் பொருந்தியதும் சொல்லப்படவில்லை. அந்தச் சாட்சியே பின்னால் தன் மகளைக் கொல்ல முயன்றதாகத் தண்டனை பெற்றார், அதை வைத்துக் குடும்பம் கேட்டபோதும் உள்துறை மசியவில்லை. 1998 பிப்ரவரி 24 அன்று நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. ஆணையம் அனுப்பி ரத்தான முதல் தீர்ப்பு அது, மனைவி லாரா உயிரோடு இருந்து அதைப் பார்த்தார். சவுத் வேல்ஸ் போலீஸ் மன்னிப்புக் கேட்டது 2022இல், அதைக் கேட்க லாரா இல்லை.

இரண்டாவது பலமான வாதம், நீதிபதி ஜூரியை எப்படி வழிநடத்தினார் என்பது. டெரெக் பென்ட்லி, வயது 19. க்ராய்டனில் ஒரு கிடங்கின் கூரையில் போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றவன் அவருடைய கூட்டாளி, 16 வயது கிறிஸ்டோபர் க்ரெய்க், வயது குறைவு என்பதால் அவனுக்குத் தூக்கு இல்லை. அப்போது ஏற்கெனவே போலீஸ் பிடியில் இருந்த பென்ட்லியை 1953 ஜனவரி 28இல் தூக்கிலிட்டார்கள். அக்கா ஐரிஸ் நாற்பது வருடத்துக்கு மேல் அலைந்ததில் 1993இல் கிடைத்தது தண்டனைக்கு மட்டுமான மன்னிப்பு: தூக்கு தப்பு, குற்றம் அப்படியே. அவர் அதோடு நிற்கவில்லை. 1998 ஜூலையில் தலைமை நீதிபதி பிங்ஹாம் தீர்ப்பையே ரத்து செய்தபோது, அந்த நாளில் நீதிபதி கோடார்டு ஜூரிக்குச் சொன்ன தொகுப்புரை நியாயமான விசாரணையைப் பறித்துவிட்டது என்றார். ஐரிஸ் அதற்கு முந்தைய வருடமே போய்விட்டார், வழக்கை முடித்தது அவர் மகள்.

பென்ட்லி தீர்ப்பில் உங்களுக்கு வேண்டிய சூத்திரம் ஒன்று இருக்கிறது. விசாரணை நியாயமாக நடந்ததா என்பதை இன்றைய அளவுகோலால் அளப்பார்கள், எது கொலை என்ற சட்டத்தை மட்டும் அன்றைய சட்டப்படியே எடுப்பார்கள். இதைப் படிக்காமல் போனால் ரூத் எல்லிஸ் வழக்கின் கதிதான். காதலனைச் சுட்டுக் கொன்றதற்காக 1955 ஜூலை 13இல் தூக்கிலிடப்பட்ட அவர் அந்தக் காதலனிடம் பட்ட அடியும் உதையும் பொய்யில்லை, ஆனால் மனநிலை பாதிப்பால் பொறுப்பு குறையும் என்ற வாதம் சட்டமானது 1957இல். 2003இல் நீதிமன்றம் அதைப் பின்னோக்கிப் பொருத்த மறுத்தது, எல்லிஸ் தானே மேல்முறையீடு வேண்டாம் என்று விட்ட வழக்கை இத்தனை காலம் கழித்துக் கிளறுவது நீதிமன்ற நேரத்தின் சரியான பயன்தானா என்றும் கேட்டது. உங்கள் வழக்கும் இந்த மாதிரி என்றால், கருணை மனுதான் சரியான வழி: நீதித்துறை அமைச்சருக்கு எழுதலாம், அவர் விரும்பினால் ஆணையத்தின் கருத்தைக் கேட்கவும் 1995ஆம் வருடச் சட்டத்தில் இடமிருக்கிறது.

அயர்லாந்துக் குடியரசில் கதை வேறு, அங்கே மன்னிப்பையே முதலில் கேட்கலாம். 1993ஆம் வருடக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் அதற்கென்றே நீதித்துறை அமைச்சருக்கு மனு கொடுக்கும் முறை இருக்கிறது, அரசின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவர் கையெழுத்திடுவார். 1941இல் தூக்கிலிடப்பட்ட ஹாரி க்ளீசனுக்கு 2015இல் இப்படிக் கிடைத்தது. ஐரிஷ் மட்டுமே தெரிந்தவரை ஆங்கிலத்தில் விசாரித்து 1882இல் கால்வேயில் தூக்கில் போட்டார்களே, மைல்ஸ் ஜாய்ஸ், அவருக்கு 2018இல் கிடைத்தது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு: மன்னிப்பு தருவது ஜார்ஜியாவில் ஒரு வாரியம், கொலராடோவில் ஆளுநர். அங்கே 1939இல் நச்சுவாயு அறையில் கொல்லப்பட்ட, அறிவு வளர்ச்சி குன்றிய ஜோ அரிடிக்கு 2011இல் ஆளுநர் பில் ரிட்டர் மன்னிப்பு வழங்கினார்.

வழக்கு நடக்கும் காலத்திலேயே செய்யக்கூடிய ஒன்று, உடலைக் கேட்பது. தூக்கிலிடப்பட்டவர்களைச் சிறை வளாகத்திலேயே புதைத்தார்கள், பெயர்ப்பலகை இல்லாமல். தீர்ப்பு ரத்தாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. மத்தானின் உடலைக் குடும்பம் 1996இல் பெற்றது, ரத்துக்கு இரண்டு வருடம் முன்பே. பென்ட்லியின் உடல் 1966இலேயே க்ராய்டன் போய்ச் சேர்ந்துவிட்டது.

பணம் பற்றியும் கூச்சப்படாமல் பேசுங்கள். மத்தான் குடும்பத்துக்கு 2001இல் 7,25,000 பவுண்டு நஷ்டஈடு கிடைத்தது. இன்று அப்படி எதிர்பார்க்க வேண்டாம், 2014இல் விதியை இறுக்கிவிட்டார்கள்: தீர்ப்பு ரத்தானால் மட்டும் போதாது, இறந்தவர் அந்தக் குற்றத்தைச் செய்யவில்லை என்று சந்தேகத்துக்கு இடமின்றிப் புதிய ஆதாரம் காட்ட வேண்டும். விண்ணப்பத்துக்குக் காலக்கெடு, ரத்தானதிலிருந்து இரண்டு வருடம். கொண்டாட்டத்தில் மறந்துவிடாமல், தீர்ப்பு வந்த வாரமே யார் பெயரில் போடுவது என்று முடிவு செய்து அனுப்பிவிடுங்கள்.