சமூகப்பணி மாணவர் பரிமாற்றம்: களப்பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமூகப்பணி படிக்கும் மாணவர் ஒரு பருவம் அயல்நாட்டில் தங்கிப் படிக்கும்போது வகுப்பறையில் தடுமாறுவதைவிடக் களப்பணியில் தடுமாறுவதே அதிகம்.

சொல் விளங்கினால் கருத்தும் விளங்கிவிட்டதாக எண்ணுவதே முதல் தவறு. ஜெர்மனியிலிருந்து சென்னைக்கு வந்த மாணவி ஒருவர், தொண்டு நிறுவனப் பணியாளருடன் ஒரு வீட்டுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். படிப்பை நிறுத்திய மகளை மீண்டும் பள்ளிக்கு அனுப்புவீர்களா என்ற கேள்விக்குத் தாய், "பார்க்கலாம்மா, அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்கிறார். களப்பணி அறிக்கையில் அது "தாய் இசைந்தார்" என்று ஏறிவிடுகிறது. வீடு தேடி வந்தவரின் மனம் நோகாமல் மறுப்பதற்கும் நாம் 'பார்க்கலாம்' என்றே சொல்வோம் என்பது பணியாளருக்குத் தெரியும், மாணவிக்குத் தெரியாது. தெருமுனைக்கு வந்ததும், "அந்த அம்மா உண்மையில் என்ன சொன்னார்?" என்று பணியாளரிடம் மறுபடி கேட்டிருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

குழந்தைகள் இல்லத்தில் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் இடுவது இன்னொரு தவறு. இங்கே நல்லெண்ணம் சாக்காகாது. விசாரணைக்கு உள்ளான அல்லது பராமரிப்பு தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் பெயர், படம், பள்ளி போன்றவற்றை விசாரணை தொடர்பான செய்திகளில் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது; மீறினால் 6 மாதம் வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டம் எட்டாத இடத்திலும் அந்தக் குழந்தையின் முகம் நம் பயணக் குறிப்புக்கான படமன்று.

இங்கிருந்து போகும் மாணவர்கள் வேறுவிதமாகச் சறுக்குகிறார்கள். அன்று சந்தித்த குடும்பத்தின் கதையை விடுதியில் நண்பர்களிடம் பேசுவது நமக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். ஜெர்மனியிலோ, தொழில்முறையில் அறிந்த இரகசியத்தை வெளியிடும் அரசு அங்கீகாரம் பெற்ற சமூகப்பணியாளர் மீது குற்றவியல் சட்டத்தின் 203-ஆம் பிரிவின்படி நடவடிக்கை எடுக்கலாம். பயிற்சி மாணவரும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நிற்பதாகவே கருதி நடப்பது நல்லது.

காகித வேலைகளில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய முறையில் ஒரு க்ரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. களப்பணி மணிகள் எத்தனை க்ரெடிட்டாகக் கணக்கிடப்படும் என்பதைப் புறப்படுமுன் இரு கல்லூரிகளிடமிருந்தும் எழுத்தில் பெறாதவர், திரும்பி வந்து அதே மணிகளை மீண்டும் செய்ய நேரலாம்.

கடைசியாக, விடைபெறும் நாளை மறைப்பது. 3 மாதத்தில் கிளம்பப்போகும் அக்கா அந்தத் தேதியை இல்லத்துக் குழந்தைகளிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். "அடுத்த வருஷம் வருவேன்" என்று மட்டும் சொல்லவே கூடாது, ஏனெனில் அவர்கள் அதை நம்பிக் காத்திருப்பார்கள்.