மீன்தொட்டியில் கல்லை எடுத்து மணல் போடும்போது செய்யக் கூடாதவை

போன மாதம் பக்கத்துத் தெருப் பையன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். இரண்டடித் தொட்டி, அடியில் பளிச்சென்று புது மணல், தண்ணீர் கண்ணாடி மாதிரி. "நேத்துதான் மாத்தினேன்ணா, கல்லு பூரா எடுத்துட்டேன்" என்றான். எடுத்த கல் எங்கே என்று கேட்டேன். வாசலில் கொட்டிவிட்டானாம். ஃபில்டர்? "அதையும் பிரிச்சு நல்லா கழுவிட்டேன்ணா." எனக்கு வயிற்றைக் கலக்கியது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் செய்ததும் அச்சு அசலாக இதேதான்.

மணலைக் கழுவிப் போடுங்கள், தொட்டிக்குள் சோப்பு வேண்டாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கல்லை ஒரே நாளில் மொத்தமாக எடுப்பது

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வந்துகொண்டே இருக்கிறது. அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவதை ஓரளவு தாங்கும். இந்த பாக்டீரியா பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. கல்லிலும் ஸ்பாஞ்சிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. பெரிய ஃபில்டர் தனியாக ஓடும் தொட்டி என்றால் கல்லை எடுத்தாலும் சமாளித்துவிடும். ஆனால் நம் வீடுகளில் இன்னும் நிறையத் தொட்டிகள் அண்டர் கிராவல் ஃபில்டரில்தான் ஓடுகின்றன: அடியில் ஓட்டை போட்ட தட்டு, மேலே கல், மூலையில் ஒரு குழாய், அதற்கு ஒரு ஏர் பம்ப். அந்தத் தொட்டியில் ஃபில்டர் என்பதே கல்தான். கல்லை வாரி வெளியே கொட்டினால் ஃபில்டரையே கொட்டியதாகத்தான் அர்த்தம்.

என் தொட்டி மூன்றடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்து மதியத்துக்குள் கல், தட்டு எல்லாவற்றையும் எடுத்து, மணல் போட்டு, புது ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைத்து முடித்துவிட்டேன். திங்கள், செவ்வாய் ஒரு குறையும் இல்லை. புதன் காலையில் விளக்கைப் போட்டபோது ஏஞ்சல் மீன்கள் துடுப்பை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு மேலே நின்றன, செவுள் செக்கச்செவேலென்று இருந்தது. அடிமணலில் மேயும் கோரி மீன் ஒன்று மணல்மேல் சாய்ந்து கிடந்தது, வாலைத் தவிர உடம்பில் அசைவே இல்லை. கடையில் போய்ச் சொன்னேன். தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்கிறது, நோயாக இருக்கும் என்று நீல மருந்து கொடுத்தார்கள். மெத்திலீன் புளூ, மிச்சம் மீதி இருந்த பாக்டீரியாவையும் கெடுக்கக்கூடியது. சனிக்கிழமைக்குள் ஆறு கோரிகளும் போய்விட்டன. இன்றைக்கும் யாராவது "தண்ணி தெளிவா இருக்கே" என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அம்மோனியாவுக்கு நிறமே கிடையாது, பார்த்து எப்படித் தெரியும்?

இதில் நம் ஊர்த் தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7 இருக்கும் தண்ணீரைவிட 8 இருக்கும் தண்ணீரில் அதே அளவு அம்மோனியா ஏறக்குறைய பத்து மடங்கு விஷம். சூடு ஏற ஏற இன்னும் மோசம். பல இடங்களில் போர் தண்ணீர் உப்பும் கடினமுமாக பிஹெச் 8 பக்கம்தான் நிற்கிறது, வெயில் காலத்தில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டிவிடும்.

ஆகவே அண்டர் கிராவல் தொட்டியென்றால் முதலில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கி அதே தொட்டியில் நான்கிலிருந்து ஆறு வாரம் சேர்த்து ஓட்டுங்கள். அப்புறம்தான் கல்லில் கை வைக்க வேண்டும். எடுத்த கல்லில் இரண்டு மூன்று கிலோவை வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டு, ஏர் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு மாதம் தொங்கவிடுங்கள், பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. அந்த மாதம் ஃபில்டரைக் கழுவ வேண்டாம். தீனி பாதி போதும். டெஸ்ட் கிட் வைத்து முதல் இரண்டு வாரம் தினமும் அம்மோனியா பாருங்கள். கொஞ்சம் நிறம் மாறினாலும் அன்றைக்கே கால் பங்கு தண்ணீர் மாற்றிவிடுங்கள், குளோரின் போக்கிய தண்ணீராக.

அந்தப் பையனின் கல் வாசலில் கிடந்து வெயிலில் காய்ந்துவிட்டது, காய்ந்தால் அதில் ஒன்றும் பிழைக்காது. என் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச் ஒன்றை ஈரத்தோடு எடுத்துக்கொடுத்தேன். அவனுடைய இரண்டு கோல்ட் ஃபிஷ்ஷில் ஒன்று பிழைத்தது.

தட்டை எடுக்காமல் அதன்மேல் மணல் கொட்டுவது

மணல் ஓட்டை வழியாக இறங்கி அடைத்துக்கொள்ளும். தட்டையும் எடுத்துவிடுங்கள்.

மீனை உள்ளேயே வைத்துக்கொண்டு கல்லை அள்ளுவது

வருடக்கணக்கில் கல்லுக்கு அடியில் சேர்ந்த கசடு அப்படியே கிளம்பும். என் தொட்டியில் முதல் பிடி கல்லை எடுத்ததும் காபி டிகாக்ஷன் நிறத்தில் ஒரு மேகம் எழுந்தது, அழுகிய முட்டை வாடை. மீன்களைப் பழைய தண்ணீரோடு ஒரு டப்பில் மாற்றி, ஏர் ஸ்டோன் போட்டு, மேலே துணி கட்டிவிடுங்கள். ஃபில்டரையும் அதே டப்பில் ஓடவிடுங்கள். வேலை முடியும்வரை அணைத்துப் போட்டால் காற்று கிடைக்காமல் அதிலிருக்கும் பாக்டீரியாவும் செத்துப்போகும்.

எம்-சாண்ட்

வேண்டாம். உடைத்த கல், முனையெல்லாம் கூர். மணலைக் கிளறித் தின்னும் கோரிக்கு மீசை தேய்ந்துபோகும்.

கடற்கரை மணல்

உப்பைக் கழுவிவிடலாம், கிளிஞ்சல் துணுக்கை என்ன செய்வது? அது கரையக் கரையத் தண்ணீரின் கடினம் ஏறும். எந்த மணலாக இருந்தாலும் காய்ந்த ஒரு பிடியில் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. சலித்த ஆற்று மணல் கிடைத்தால் அதுவே போதும்.

அரையடி உயரத்துக்கு மணல்

மூன்று நான்கு சென்டிமீட்டர் போதும். இரண்டடிக்கு ஓரடி தொட்டிக்கு அது பத்து, பதினொரு கிலோதான் வரும். உயரம் கூடினால் அடியில் காற்றுப் போகாமல் கறுத்து வாயு சேரும். வாரம் ஒருமுறை விரலால் மேலாகக் கிளறிவிடுங்கள், அல்லது மணலுக்குள் புதைந்து திரியும் டிரம்பெட் நத்தை நாலு விடுங்கள்.

மணல் அடங்குவதற்குள் பவர் ஃபில்டரைப் போடுவது

உள்ளே சுழலும் இம்பெல்லரை மணல் அரைத்துவிடும். கலங்கல் அடங்கும்வரை அது டப்பிலேயே ஓடட்டும். தொட்டியில் வைக்கும்போது உறிஞ்சும் வாயை மணலிலிருந்து மூன்று விரற்கடையாவது தூக்கி வையுங்கள்.

சைஃபனை (கழிவை உறிஞ்சும் குழாயை) மணலுக்குள் குத்துவது

கல்லில் பழகிய கை, குத்தத்தான் வரும். ஒரு விரல் உயரத்தில் பிடித்து வட்டமாக அசைத்தால் கழிவு மட்டும் எழும்பி வரும், மணல் அங்கேயே நிற்கும்.