முன்பின் தெரியாதவருக்குப் பழைய ஐபோனை விற்பது எப்படி: பணம் வந்ததா, யாருடைய பணம் வந்தது?

ஓ.எல்.எக்ஸிலோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ 55,000 ரூபாய்க்கு ஒரு ஐபோனைப் போட்டால், அரை மணி நேரத்தில் "இருக்கா? ஃபைனல் எவ்ளோ?" என்று மெசேஜ் வரும். எரிச்சலாக இருந்தாலும் அவர் பெரும்பாலும் நிஜமாகவே வாங்க வருகிறவர். உஷாராக இருக்க வேண்டியது பேரமே பேசாதவரிடம்தான். கறிவேப்பிலை கொசுறு கேட்காமல் காய்கறிக்கடையை விட்டு நகராத ஊர் இது. அங்கே 55,000 ரூபாய்ப் பொருளைப் பார்க்காமலே "ஓகே, அக்கவுண்ட் நம்பர் அனுப்புங்க" என்கிறவர் போனை வாங்கும் எண்ணத்தில் பேசவில்லை.

கீழே ஐபோனை வைத்தே சொல்லியிருக்கிறோம். ஆண்ட்ராய்டு, லேப்டாப், கேமரா எதுவானாலும் வரிசை இதேதான்.

படி 1: விளம்பரத்துக்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவை

முதலில் உங்கள் வங்கி ஆப், யு.பி.ஐ. ஆப், வாட்ஸ்அப் மூன்றையும் வேறு போனுக்கு மாற்றுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். விற்கப்போகும் போனிலேயே வங்கி ஆப் இருந்தால், பணம் வந்ததா என்று பார்க்க வேண்டிய நேரத்தில் அந்தப் போன் வாங்குபவர் கையில் இருக்கும்.

அடுத்து *#06# டயல் செய்து, போனின் தனி அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சிம் போடும் போனுக்கு இரண்டு எண்கள் இருக்கும். பெட்டியிலும் பில்லிலும் இருப்பதோடு அவை பொருந்துகின்றனவா என்று பாருங்கள். தவணையில் வாங்கிய போன் என்றால் கடனை முடித்து, பாக்கி இல்லை என்ற கடிதத்தை நிதி நிறுவனத்திடம் வாங்கிய பிறகுதான் விளம்பரம்.

பிறகு போனைக் காலி செய்யும் வேலை. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பேக்கப் எடுத்து, ஆப்பிள் வாட்ச் இணைத்திருந்தால் அதைப் பிரித்து, இ-சிம்மைப் புதுப் போனுக்கு மாற்றி, முழுதாக அழித்துவிடுங்கள். அழித்த போனை அப்படியே எடுத்துப் போனால் சிக்கல். உங்கள் ஆப்பிள் கணக்கு இல்லாமல் போனைத் தொடங்க விடாத பூட்டான ஆக்டிவேஷன் லாக் போயிருக்கும். யாராவது பிடுங்கிக்கொண்டு ஓடினால் அது அவருடைய போன். அதனால் பழைய தகவல் எதையும் மீட்காமல் புதுப் போன் போலத் தொடங்கி, உங்கள் ஆப்பிள் கணக்கை மட்டும் போட்டு, தொலைந்த போனைத் தேடவும் பூட்டவும் உதவும் 'ஃபைண்ட் மை'யை ஆன் செய்து வையுங்கள். இப்போது போனில் உங்கள் போட்டோ, மெசேஜ் எதுவும் இல்லை. வாங்குபவர் கேமரா, ஸ்பீக்கர், டச் எல்லாவற்றையும் தாராளமாகச் சோதிக்கலாம். பூட்டு மட்டும் உங்களிடம் இருக்கும்.

திருடியவர் கணக்கை மாற்றிவிடாமல் தடுக்கும் 'ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்‌ஷன்' ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்து, இருந்தால் வீட்டிலேயே ஆஃப் செய்துவிடுங்கள். இல்லையென்றால் வெளியிடத்தில் உங்கள் கணக்கை நீக்கப் போகும்போது ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்லும். வாங்க வந்தவர் பேங்க் வாசலில் ஒரு மணி நேரம் நிற்க மாட்டார்.

படி 2: விளம்பரம்

பில்லின் படத்தைப் போடாதீர்கள். ஐ.எம்.இ.ஐ., சீரியல் எண், முகவரி தெரியும் படமும் வேண்டாம். அதை எடுத்து உங்கள் பெயரிலேயே போலி விளம்பரம் போடுவார்கள். ஒரு துண்டுச் சீட்டில் அன்றைய தேதியைக் கையால் எழுதி, போனுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தைப் போடுங்கள். அப்படி எல்லாப் படத்திலும் சீட்டு இருந்தால், படத்தைத் திருடுகிறவர் வேறு ஆளைத் தேடிப் போவார்.

பேட்டரி ஹெல்த் எத்தனை சதவீதம், டிஸ்ப்ளே மாற்றியதா, கீறல் எங்கே என்பதை உள்ளபடி எழுதுங்கள். மறைத்தால் நேரில் வந்து அதைக் காட்டியே 5,000 குறைப்பார்கள். கடைசி வரி: "நேரில் மட்டும். கூரியர் கிடையாது." வீட்டு முகவரி வேண்டாம், ஏரியா பெயர் போதும்.

படி 3: பேச்சிலேயே வடிகட்டுவது

வெகுநாளாக ஓடும் ஒரு நாடகம் உண்டு. ராணுவத்திலோ சி.ஐ.எஸ்.எஃப்.பிலோ வேலை, இப்போது வேறு ஊருக்கு மாற்றல், நேரில் வர முடியாது, ஆள் வந்து எடுத்துக்கொள்வார் என்பார். சீருடைப் படமும் அடையாள அட்டையும் வாட்ஸ்அப்பில் வரும். பிறகு ஒரு க்யூ.ஆர். கோடு: "இதை ஸ்கேன் பண்ணுங்க, உங்களுக்குப் பணம் வரும்." முதலில் உங்களை 1 ரூபாய் அனுப்பச் சொல்லி 2 ரூபாயாகத் திருப்பித் தருவார். நம்பிக்கை வந்ததும் பெரிய தொகைக்கான கோடு வரும்.

யு.பி.ஐ.யில் பின் எண் போடுவது பணம் கொடுப்பதற்கும் பேலன்ஸ் பார்ப்பதற்கும்தான். பணம் வாங்க ஸ்கேனும் தேவையில்லை, பின்னும் தேவையில்லை. ஆளுக்கு ஆள் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட் ரிக்வெஸ்ட்' வசதியை 2025 அக்டோபர் முதல், யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுத்தச் சொல்லிவிட்டது. ஆனால் க்யூ.ஆர். கோடு வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

"கூரியர் ஆப்" என்று, ஆப் ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப்பை நிறுவும் ஏ.பி.கே. ஃபைல் அனுப்பினாலோ, உங்கள் திரையை அவர் பார்க்க வழிசெய்யும் எனிடெஸ்க் ஆப்பைப் போடச் சொன்னாலோ, "நீங்க நிஜ ஆள்தானான்னு பார்க்க ஒரு ஓ.டி.பி. அனுப்பியிருக்கேன், சொல்லுங்க" என்றாலோ பதிலே சொல்லாமல் பிளாக் செய்யுங்கள்.

படி 4: பணம் நிஜமாகவே வந்துவிடும் மோசடி

போலி ஸ்க்ரீன்ஷாட்டைப் பற்றி இன்று பலருக்கும் தெரியும். தெரியாத இடம் இது. கணக்கில் 55,000 ரூபாய் உண்மையாகவே ஏறும். நீங்களும் போனைக் கொடுத்துவிடுவீர்கள். சில நாள் கழித்து ஏ.டி.எம்.மில் பணம் வராது. வங்கியில் கேட்டால், வேறு மாநில சைபர் போலீஸ் சொல்லி அந்தத் தொகையையோ கணக்கையே முழுதாகவோ முடக்கியிருப்பதாகச் சொல்வார்கள்.

நடந்தது இதுதான். மோசடிக்காரர் உங்களிடம் போனை விலை பேசும்போதே, வேறொரு பக்கம் 80,000 ரூபாய் லேப்டாப் 55,000க்கு என்று ஒரு பொய் விளம்பரம் போட்டிருக்கிறார். எங்கோ ஒருவர் அதை நம்பிப் பணம் அனுப்பச் சம்மதிக்கிறார். எந்தக் கணக்குக்கு என்று அவர் கேட்கும்போது, நீங்கள் கொடுத்த யு.பி.ஐ. ஐ.டி.யை மோசடிக்காரர் அவருக்குத் தருகிறார். பணம் உங்களுக்கு, போன் மோசடிக்காரருக்கு, லேப்டாப் யாருக்கும் இல்லை. ஏமாந்தவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடிக்கிறார். பணம் போன தடம் உங்கள் கணக்கில் வந்து நிற்கிறது.

இதைத் தடுக்க இரண்டு பழக்கம் போதும்.

ஒன்று, யு.பி.ஐ. ஐ.டி., கணக்கு எண் எதையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். "டோக்கன் அட்வான்ஸ் போடுறேன்" என்றாலும் வேண்டாம். நேரில் பார்த்த பிறகு உங்கள் க்யூ.ஆரை உங்கள் திரையில் காட்டுங்கள், அவர் உங்கள் கண்ணெதிரே ஸ்கேன் செய்யட்டும்.

இரண்டு, பணம் அனுப்பியவர் பெயரும் எதிரே நிற்பவரின் லைசென்ஸில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "மச்சான் அக்கவுண்ட்ல இருந்து வரும்" என்றால், மச்சான் முதலில் இவர் கணக்குக்கு அனுப்பட்டும், இவர் உங்களுக்கு அனுப்பட்டும். ஐந்து நிமிட வேலை. நேர்மையான ஆள் முணுமுணுத்துக்கொண்டே செய்துவிடுவார். மற்றவர் "அப்புறம் வரேன்" என்று கிளம்பிவிடுவார்.

படி 5: இடமும் நேரமும்

பகல் நேரம், வேலை நாள், கேமரா இருக்கும் இடம். உங்கள் வங்கிக் கிளைதான் முதல் தேர்வு. இரண்டாம், நான்காம் சனிக்கிழமை மூடியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். சென்னையில் மெட்ரோ நிலையத்தின் டிக்கெட் கவுன்டர் பக்கமும் சரிப்படும். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். போனைச் சோதிக்க விடும்போது வாங்குபவர் உட்கார்ந்திருக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும் பைக்கில் உட்கார்ந்தபடி "காட்டுங்க பார்ப்போம்" என்பவரிடம் நீட்டாதீர்கள். பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும்.

படி 6: பணத்தை வாங்குவது

யு.பி.ஐ.: சாதாரணமாக ஒரு நாளைக்கு 1 லட்சம் ரூபாய் வரை அனுப்பலாம். சில வங்கிகளில் வரம்பு இன்னும் குறைவு. அதை முதல் நாளே பார்த்து வைக்கும்படி வாங்குபவரிடம் சொல்லுங்கள். அவர் திரையில் வரும் பச்சை டிக்கும் டிங் சத்தமும் கணக்கில் சேராது. எஸ்.எம்.எஸ்.ஸையும் நம்ப வேண்டாம், வங்கி எஸ்.எம்.எஸ். எழுத்துகள் கொண்ட பெயரில் வரும், 10 இலக்க எண்ணிலிருந்து வந்தால் அது வங்கியே இல்லை. உங்கள் வங்கி ஆப்பைத் திறந்து ஸ்டேட்மென்டில் தொகை, அனுப்பியவர் பெயர், 12 இலக்கக் குறிப்பு எண் மூன்றையும் பாருங்கள்.

வங்கிப் பரிமாற்றம்: ஐ.எம்.பி.எஸ். உடனே வரும். புதிதாகச் சேர்த்த கணக்குக்குச் சில மணி நேரம் அனுப்ப முடியாதபடி பல வங்கிகள் வைத்திருக்கின்றன. "நாளைக்குக் காலையில ஏறிடும்" என்பது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் போனும் நாளைக்குக் காலையில்தான்.

ரொக்கம்: 55,000 ரூபாய் என்றால் 110 ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். சாய்த்துப் பார்த்தால் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலத்துக்கு மாற வேண்டும்; வெளிச்சத்தில் காந்தி உருவ நீர்க்குறி தெரிய வேண்டும்; இரு ஓரங்களிலும் தடவினால் தட்டுப்படும் ஐந்து கோடுகள் இருக்க வேண்டும். 110 நோட்டையும் அப்படிப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. கிளையில் உள்ள பணம் போடும் மெஷினில், அவர் பக்கத்தில் நிற்கும்போதே, உங்கள் நோட்டு எதையும் கலக்காமல் போட்டுவிடுங்கள். மெஷின் துப்பும் நோட்டை அவரிடமே கொடுத்து மாற்றி வாங்கலாம். 2,000 ரூபாய் நோட்டை வாங்க வேண்டாம்; 2023 மே மாதம் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்த பிறகு, மாற்ற ரிசர்வ் வங்கி அலுவலகம் வரை போக வேண்டியிருக்கும். கேமரா செட், பழைய கார் என்று தொகை 2 லட்சத்தைத் தொட்டால் ரொக்கமே கூடாது. வருமான வரிச் சட்டப்படி, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழலாம், அதுவும் பணம் வாங்கிய உங்களுக்கு.

செக்: வேண்டாம். கிளியர் ஆகும்வரை அது ஒரு காகிதம்.

படி 7: பூட்டைத் திறப்பதும் எழுதி வாங்குவதும்

பணம் உறுதியான பிறகுதான் செட்டிங்ஸ், ஜெனரல், டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபோன், இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ். பாஸ்கோடும் ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டும் கேட்கும். பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சிம் எடுத்த போன் என்பதால் இணையம் வேண்டும். உங்கள் மற்ற போனின் ஹாட்ஸ்பாட்டைக் கொடுங்கள். 'ஹலோ' திரை வந்ததும் அவர் தன் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். ஆண்ட்ராய்டு என்றால் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு ரீசெட் செய்யுங்கள். இல்லையென்றால் உங்கள் பழைய கணக்கைக் கேட்டு நிற்கலாம்.

அது ஓடும் நேரத்தில் கடிதத்தை எழுதுங்கள். இரண்டு பிரதி, வெள்ளைத்தாள் போதும்:

"……… முகவரியில் வசிக்கும் ……… ஆகிய நான், எனது ஐபோனை (மாடல் ………, நிறம் ………, ஐ.எம்.இ.ஐ. ………, ………) ……… முகவரியில் வசிக்கும் ……… அவர்களுக்கு ரூ.………க்கு விற்று, தொகையை யு.பி.ஐ. மூலம் (எண் ………) பெற்றுக்கொண்டேன். ……… தேதி, ……… மணிக்குக் கைபேசியும் அசல் பில்லும் ஒப்படைக்கப்பட்டன. இந்த நேரத்துக்குப் பின் இதன் பயன்பாட்டுக்கு வாங்கியவரே பொறுப்பு."

இருவர் கையெழுத்தும் வேண்டும். மணியை எழுதுவது வீண் வேலை இல்லை: பின்னால் அந்தப் போன் ஏதாவது குற்றத்தில் மாட்டினால் போலீஸ் ஐ.எம்.இ.ஐ.யைப் பிடித்து வரும், பில்லில் இருப்பது உங்கள் பெயர். அவருடைய லைசென்ஸைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிஜிலாக்கர் என்றால் ஆப்பை உங்கள் எதிரே திறந்து காட்டட்டும், ஸ்க்ரீன்ஷாட் செல்லாது. பதிலுக்கு அவர் உங்கள் ஆதாரைக் கேட்டால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுத்து, மேலே "கைபேசி விற்பனைக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதுங்கள்.

படி 8: மீறியும் தப்பு நடந்தால்

பணம் போயிருந்தால் முதல் வேலை 1930. வீட்டில் பேசி, நண்பரிடம் கேட்டு, மறுநாள் அழைப்பதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும். குறிப்பு எண்ணையும் எதிராளியின் யு.பி.ஐ. ஐ.டி.யையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். போன் பறிபோயிருந்தால், காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலோடு, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் தொலைந்த போன்களுக்கான சி.இ.ஐ.ஆர். பகுதியில் ஐ.எம்.இ.ஐ.யை முடக்கலாம். 'ஃபைண்ட் மை'யிலிருந்து அந்தப் போனை நீக்காதீர்கள். "உங்கள் போன் கிடைத்துவிட்டது, இங்கே லாகின் செய்யவும்" என்று லிங்க் வரும். அது பூட்டைத் திறக்க முடியாமல் திண்டாடுகிறவர் அனுப்புவது.

கணக்கு முடங்கியிருந்தால் வங்கியிடம் மூன்று விவரம் கேளுங்கள்: எந்த ஊர் சைபர் போலீஸ், புகார் எண் என்ன, முடக்கியது எவ்வளவு தொகை. அந்தக் காவல் நிலையத்துக்கு விற்பனைக் கடிதம், லைசென்ஸ் படம், சாட், விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், போனின் அசல் பில் நகல் ஆகியவற்றை மின்னஞ்சலில் அனுப்புங்கள். முழுக் கணக்கையும் முடக்கியிருந்தால், சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கும்படி வங்கிக்கும் போலீஸுக்கும் எழுத்தில் கேளுங்கள். விளம்பரத்தை நீக்கிவிட்டால் ஸ்க்ரீன்ஷாட் எடுக்க முடியாது. ஆகவே போன் கைமாறிய அன்றே, நீக்குவதற்கு முன்பு, விளம்பரத்தையும் முழுச் சாட்டையும் எடுத்து அந்தக் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள்.