நேப்பர்வில் 204இல் வீடு தேடுகிறீர்களா? மிடில் ஸ்கூலை இப்படி ஒப்பிடுங்கள்

சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில், அரோரா பக்கம் வீடு தேடும் நம்மவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, டிஸ்ட்ரிக்ட் 204இல் எந்த மிடில் ஸ்கூல் நல்ல ஸ்கூல்?" டிஸ்ட்ரிக்ட் என்றால் ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் கல்வி மாவட்டம்; மிடில் ஸ்கூல் இங்கே ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை. பெரியவளுக்காக மூன்று மாதம் எக்செலில் அட்டவணை போட்டுப் பார்த்தவள் நான். எது உதவியது, எது உதவவில்லை என்று சொல்கிறேன்.

முதல் வேலை முகவரி. வீடு எங்கே என்பதை வைத்துத்தான் பள்ளி அமையும். ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். நேப்பர்வில்லுக்குள்ளேயே 203, 204 என்று இரண்டு பெரிய டிஸ்ட்ரிக்ட் இருக்கின்றன. அரோரா என்று முகவரி உள்ள பல வீடுகளும் 204இல் வரும். அந்த 204இல் மட்டும் கிரோன், ஃபிஷர், கிரேஞ்சர், கிரெகரி, ஹில், ஸ்கல்லன், ஸ்டில் என ஏழு மிடில் ஸ்கூல். வீட்டு விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு உறுதி செய்யுங்கள். எல்லை நிரந்தரமும் இல்லை. 2009இல் மெட்டியா வேலி உயர்நிலைப் பள்ளி திறந்தபோது பல தெருக்களின் பள்ளி மாறியது.

அடுத்து, மாநில அரசின் 'இல்லினாய் ரிப்போர்ட் கார்ட்' இணையதளம். அக்டோபர் கடைசியில் புது எண்கள் வரும். எல்லோரும் முதலில் பார்ப்பது ஐஏஆர் என்ற மாநிலத் தேர்வில் எத்தனை சதவீதம் தேர்ச்சி என்பதைத்தான். நானும் அதை வைத்துத்தான் ஏழு பள்ளிகளையும் வரிசைப்படுத்தினேன். ஆனால் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு வரும்போதே என்ன தெரிந்துகொண்டு வந்தார்கள் என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. டியூஷனுக்கு அனுப்ப வசதியுள்ள வீடுகள் நிறைந்த பகுதியில் அது தானாகவே ஏறும்.

அதே தளத்தில் 'குரோத்' (வளர்ச்சி) என்ற பகுதியைத் திறங்கள். போன வருடம் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் எடுத்த பிள்ளைகளை மாநிலம் முழுக்க ஒப்பிட்டு, இந்த வருடம் யார் எவ்வளவு முன்னேறினார்கள் என்று 1 முதல் 99 வரை சொல்வார்கள். 50 என்பது நடு. தேர்ச்சியில் கொஞ்சம் பின்னால் இருந்தாலும் குரோத்தில் 50ஐத் தாண்டி நிற்கும் பள்ளி என்றால், அங்கே பாடம் நடக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் மூன்று வருடம் பாருங்கள். ஒரு வகுப்பில் 300 பேர் என்றால் 1 சதவீதம் என்பது வெறும் மூன்று பிள்ளைகள். இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்துக்காக வீட்டை மாற்றாதீர்கள். இன்னொன்று, 2025இல் தேர்ச்சிக்கான எல்லை மதிப்பெண்ணையே மாநிலம் மாற்றிவிட்டது. அதற்கு முந்தைய தேர்ச்சி சதவீதத்தோடு ஒப்பிட்டால் தவறான முடிவுக்குத்தான் வருவீர்கள்.

ஆசிரியர்கள் எத்தனை பேர் அதே பள்ளியில் நீடிக்கிறார்கள், பத்தில் ஒரு நாளாவது வராத பிள்ளைகள் எத்தனை சதவீதம் என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே டிஸ்ட்ரிக்ட் என்பதால் பாடத்திட்டம் பெரிதாக மாறாது. அதனால் பள்ளிக்குப் போன் செய்யும்போது கணக்கைப் பற்றிக் கேளுங்கள்: ஆறாம் வகுப்பில் எத்தனை நிலைகள்? நடு வருடத்தில் மேலே போக வழி உண்டா? வேகமாகப் படிக்கும் பிள்ளைகளை அடுத்த நிலைப் பாடத்துக்கோ வகுப்புக்கோ அனுப்ப ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று 2018 முதல் மாநிலச் சட்டமே இருக்கிறது, தயங்காமல் கேட்கலாம். எட்டாம் வகுப்பு முடிந்ததும் எந்த உயர்நிலைப் பள்ளி, நியூக்வா வேலியா, வாபான்சி வேலியா, மெட்டியா வேலியா என்றும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் நேரில் போங்கள். பள்ளி திறக்கும் முன் நடந்த ஒரு மாலைச் சந்திப்பில், ஒரு சின்னப் பெண் லாக்கரின் காம்பினேஷன் பூட்டை (எண்களைச் சுழற்றித் திறக்கும் பூட்டு) திறக்க முடியாமல் கண் கலங்கி நின்றாள். அந்த வழியாக வந்த ஆசிரியை பூட்டைத் தொடவே இல்லை. பக்கத்தில் குனிந்து, "வலது பக்கம்... நிறுத்து. இப்போது இடது, ஒரு சுற்று தாண்டி" என்று மெதுவாகச் சொன்னார். மூன்றாவது முறை திறந்தது. இருவரும் சிரித்தார்கள். அன்று இரவு என் அட்டவணையில் நான்காவதாக இருந்த அந்தப் பள்ளியைத்தான் முதலில் வைத்தேன்.

பஸ்ஸை மறக்காதீர்கள். பள்ளியிலிருந்து ஒன்றரை மைல் அல்லது அதற்கு மேல் தள்ளி இருந்தால்தான் பொதுவாக இலவச பஸ் உறுதி. அதற்குள் வீடு இருந்தால், ஜனவரிக் குளிரில் பிள்ளை நடக்கப்போகும் பாதையை நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள்.

வீடு முடிவானதும் ஒரு காம்பினேஷன் பூட்டு வாங்கிக் கொடுத்து, ஆகஸ்டுக்குள் பழக்கிவிடுங்கள்.